ஒருமுறை கட்டணம், வாழ்நாள் சேமிப்பு: வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

நவம்பர் கடைசியில் பிளாக் பிரைடே நெருங்கினால் கைத்தொலைபேசித் திரையில் இந்த விளம்பரம் வந்தே தீரும். இரண்டு டெராபைட் கிளவுட் இடம், ஒரே ஒரு முறை காசு, பிறகு ஆயுளுக்கும் ஒன்றும் கட்டத் தேவையில்லை. ஓரிடத்தில் விலை 399 அமெரிக்க டொலர், இன்னோரிடத்தில் 99, வேறோரிடத்தில் பத்து டெராபைட்டே நூறு டொலருக்குள். பக்கத்தின் மேலே ஒரு மணிக்கூடு பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்.

மொன்றியலில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஆசை வருவது நியாயமானது. கோட்-டி-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன், லசால், டொலார்-டெ-ஓர்மோ என்று எங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் கலியாண வீடியோ, சாமத்தியவீட்டு அல்பம், பிள்ளையின் அரங்கேற்றப் பதிவு, குடிவரவுப் பத்திரங்களின் ஸ்கேன், இடம்பெயர்வுகளில் தப்பி வந்த ஐந்தாறு பழைய படங்கள் என்று சேர்ந்து கிடக்கும். 4கே தரத்தில் விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்த மூன்று மணி நேர அரங்கேற்றம் ஒன்றே ஏறத்தாழ 135 கிகாபைட் பிடிக்கும். கூகிள் இலவசமாகத் தரும் 15 கிகாபைட் எந்த மூலைக்கும் காணாது. மாதாமாதம் கடனட்டையில் காசு போவதும் சலிப்பாக இருக்கிறது. அந்தச் சலிப்பைப் பார்த்துத்தான் வாழ்நாள் திட்டத்தை விற்கிறார்கள்.

இந்தத் திட்டங்கள் எல்லாமே மோசடி என்று நான் சொல்லமாட்டேன். சில பத்து வருடத்துக்கு மேலாக ஒழுங்காக ஓடுகின்றன. ஆனால் உங்களிடம் உள்ள ஒரே பிரதியை அதில் வைக்கக்கூடாது. கட்டும் காசையும் நாலு வருடத்துக்கான முன்பணம் என்று நினைத்துத்தான் கட்டவேண்டும். அந்த நாலு வருடக் கணக்கு எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

விற்பவர் பக்கத்துக் கணக்கு

கிளவுட் சேமிப்பை விற்பவருக்குச் செலவு மாதாமாதம் வருகிறது. வன்தட்டு சுழல மின்சாரம் வேண்டும், அது சூடாகாமல் இருக்கக் குளிரூட்டல் வேண்டும், பழுதான தட்டை மாற்ற ஆள் வேண்டும், நீங்கள் கோப்பை இறக்கும் ஒவ்வொரு தடவையும் இணையப் போக்குவரத்துக்குக் காசு வேண்டும். நீங்கள் கொடுப்பதோ ஒரு தடவைதான். ஆகவே அந்தக் காசு எத்தனை மாதம் தாங்கும் என்பதே முதல் கேள்வி. அதை வீட்டில் இருந்தே கணக்குப் பார்க்கலாம்.

மொத்தச் சேமிப்பை மலிவாக விற்பதில் பெயர் எடுத்த அமெரிக்க நிறுவனம் பேக்பிளேஸ். 2023 ஒக்டோபரில் அது தன் விலையை டெராபைட்டுக்கு மாதம் 5 அமெரிக்க டொலரில் இருந்து 6 ஆக ஏற்றியது. இந்த 6 டொலரை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டெராபைட்டுக்கு வருடம் 144 டொலர் ஆகிறது. 399 டொலருக்கு வாங்கியவர் இடம் முழுவதையும் நிரப்பினால் அவருடைய காசு மூன்று வருடம்கூடத் தாங்காது. 99 டொலருக்கு வாங்கியவருடைய காசு எட்டு மாதத்தில் கரைந்துவிடும். பத்து டெராபைட்டை 99 டொலருக்கு விற்றால் வருடச் செலவு 720 டொலர். வாங்கியவர் முழுவதும் நிரப்பினால் ஐம்பது நாளில் கல்லா காலி.

விற்பவர் இதை அறியாதவர் இல்லை. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இடத்தில் கொஞ்சத்தைத்தான் நிரப்புவார்கள் என்று அவர் நம்புகிறார். சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு நிரம்பினால் 399 டொலர் பதின்மூன்று வருடத்துக்கு மேல் தாங்கும். 99 டொலர் மூன்று வருடமும் சில மாதமும் தாங்கும். சொந்தமாக வன்தட்டு வாங்கி ஓட்டுபவர் என்றால் செலவு இன்னும் குறையும். அதனால்தான் 399 டொலர்த் திட்டம் பிழைக்க வழியுள்ள வியாபாரம் என்றும், பத்து டெராபைட் 99 டொலர்த் திட்டம் பிழைக்க வழியில்லாதது என்றும் பிரித்துச் சொல்கிறேன். டெராபைட்டுக்கு நூறு அமெரிக்க டொலருக்குக் கீழே ஒருமுறைக் கட்டணம் கேட்பவரிடம் நான் போகமாட்டேன். விலை குறையக் குறைய ஆபத்துக் கூடும் சரக்கு இது.

விற்பவர் நம்பியிருக்கும் இன்னொரு விஷயம், வன்தட்டு வருடா வருடம் மலியும் என்பது. பல காலம் அப்படித்தான் நடந்தது. ஆனால் 2011 ஒக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிற்றல் ஆலைகள் மூழ்கியபோது உலகமெங்கும் வன்தட்டு விலை ஏறியது. பேக்பிளேஸ் தன் மொத்த விலையை ஏற்றியதையும் மேலே பார்த்தோம். விலை இறங்கும் என்று எண்ணி முப்பது வருட வாக்குக் கொடுத்தவரால் விலை இறங்காத வருடங்களைத் தாண்ட முடியுமா? புது ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தால் தாண்டலாம். ஊரில் சீட்டுப் பிடித்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: புதிதாகச் சேருபவரின் காசில் பழையவருக்குக் கொடுக்கிற சீட்டு, ஆள் சேருவது குறைந்த மாதம் நின்றுவிடும்.

இனி உங்கள் பக்கத்துக் கணக்கு. 399 என்று திரையில் தெரிவது அமெரிக்க டொலர். ஒரு அமெரிக்க டொலர் 1.38 கனேடிய டொலர் என்று வைத்தால் 551 ஆகிறது. பெரும்பாலான கனேடியக் கடனட்டைகள் வெளிநாட்டு நாணயத்துக்கு 2.5 சதவீதம் கூட எடுக்கும். வரிக்குப் பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர் டிபிஎஸ் 5 சதவீதமும் டிவிகியூ 9.975 சதவீதமும் சேர்ப்பார். கடைசியில் உங்கள் கையை விட்டுப் போவது ஏறத்தாழ 650 கனேடிய டொலர். பெரிய நிறுவனம் ஒன்றின் இரண்டு டெராபைட் வருடச் சந்தா வரி சேர்த்து 160 டொலர் அளவில் வருகிறது. 650ஐ 160 ஆல் வகுத்தால் நாலு. வாழ்நாள் திட்டம் நாலு வருடம் உயிரோடு இருந்தால்தான் உங்கள் காசு சமன். ஐந்தாவது வருடத்தில் இருந்துதான் இலாபம். நீங்கள் பார்க்கும் நாளின் நாணய மாற்றையும் விலையையும் போட்டு இதே கணக்கைத் திரும்பச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

முன்பு கொடுத்த வாக்குகளுக்கு என்ன நடந்தது

பெரிய பெயர் என்றால் வாக்கு மாறாது என்று நினைக்கவேண்டாம். மைக்ரோசொஃப்ட் 2014 ஒக்டோபரில் ஒஃபிஸ் 365 சந்தாக்காரருக்கு ஒன்டிரைவில் எல்லையில்லா இடம் என்று அறிவித்தது. சிலர் 75 டெராபைட்டுக்கு மேல் ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லி 2015 நவம்பரில் அதை ஒரு டெராபைட்டாகக் குறைத்தது. அமேசனின் எல்லையில்லாத் திட்டம் 2017 இல் முடிந்தது. கூகிள் போட்டோஸின் எல்லையில்லா இலவசம் 2021 ஜூன் 1 உடன் நின்றது. பெரிய இடங்களில் ஒரு நன்மை உண்டு. திட்டம் மாறினாலும் நிறுவனம் நிற்கும், கோப்பை எடுக்கக் காலம் கிடைக்கும்.

சிறியவை விழும்போது அந்தக் காலம்தான் கிடைப்பதில்லை. ‘எல்லையற்ற சேமிப்பு’ என்று வருடம் 99 டொலருக்கு விற்ற பிட்காசா, 2013 நவம்பரில் அதே திட்டத்தை 999 டொலர் ஆக்கியது. அடுத்த வருடமே அதை அடியோடு நிறுத்தி, கோப்புகளை எடுக்கச் சில வாரங்களே கொடுத்தது. ஒழுங்காக மூடியவர்களும் இருக்கிறார்கள். உபுண்டு வன் 2014 ஏப்ரலில் அறிவித்து ஜூலை கடைசிவரை கோப்பை எடுக்கவிட்டது. பரக்கூடா நிறுவனத்தின் கொப்பி என்ற சேவை 2016 இல் மூன்று மாதம் கொடுத்தது. ஆகக் கொடுமையானது டிஜிற்றல் ரெயில்ரோட். தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் தங்கள் படங்களைச் சேமித்து வைத்த சேவை அது. 2008 ஒக்டோபரில், 24 மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மூடியது. வாழ்நாள் உழைப்பை ஒரு பகலில் யார் இறக்கி முடிப்பார்?

நிறுவனம் விழாமலே வாக்கு விழுவதும் உண்டு. விபிஎன்செக்கியூர் என்ற விபிஎன் சேவையை 2023 இல் வேறு நிறுவனத்தார் வாங்கினார்கள். அவர்கள் வாழ்நாள் கணக்குகளை 2025 ஏப்ரலில் நிறுத்தினார்கள். வாங்கும்போது அப்படிப்பட்ட கணக்குகள் இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்றும், தொழில்நுட்பத்தையும் பெயரையும்தான் வாங்கினோம், பழையவரின் கடப்பாடுகளை வாங்கவில்லை என்றும் காரணம் சொன்னார்கள். அது சேமிப்புச் சேவை இல்லை. என்றாலும் வாழ்நாள் திட்டம் எதை வாங்கினாலும் இந்த வழியால் அறுந்துபோகலாம்.

தமிழ்நாட்டில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. 2005 டிசம்பரில் 999 ரூபாய்க்கு ‘லைஃப்டைம்’ பிரீபெய்ட் சிம் வந்தது. ஒருமுறை கட்டினால் ஆயுளுக்கும் அழைப்பு வரும் என்றார்கள். வாழ்நாள் என்பது நிறுவனத்தின் உரிமக் காலம் வரைதான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பிறகு தெளிவாக்கியது. 2018 கடைசியில் ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் 28 நாளுக்கு 35 ரூபாய் கட்டாய ரீசார்ஜைக் கொண்டுவந்தன. அதே வருடத் தொடக்கத்தில்தான் தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் திவாலாகி, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தமிழ்நாடெங்கும் மக்கள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். கைத்தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு போகலாம் என்று அங்கே சட்டம் இருந்தது. கிளவுட் நிறுவனம் மூடும்போது கோப்புகளைப் பெரும்பாலும் நீங்களேதான் இறக்கி எடுக்கவேண்டும்.

யாரிடம் வாங்குகிறீர்கள்

மணிக்கூடு ஓடட்டும். நீங்கள் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினைத் திறந்து அந்த நிறுவனத்தின் விலைப் பக்கம் மூன்று வருடத்துக்கு முன்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். ‘கடைசி வாய்ப்பு’ அன்றும் ஓடியிருந்தால் இன்றைய மணிக்கூட்டைப் பொருட்படுத்தத் தேவையில்லை. முக்கியமாகப் பார்க்கவேண்டியது வேறு. அன்று வாழ்நாள் திட்டத்துக்குச் சொன்ன அளவும் வசதிகளும் இன்றும் அப்படியே இருக்கின்றனவா, அல்லது பழையவர்களுக்கு ஏதாவது வெட்டப்பட்டிருக்கிறதா? நிறுவனம் பழைய வாடிக்கையாளரை நடத்தும் விதம் அங்கே தெரியும்.

அடுத்தது, நிறுவனம் உண்மையில் இருக்கிறதா? பிரித்தானிய நிறுவனம் என்றால் கொம்பனிஸ் ஹவுஸ் இணையத்தில் அதன் வருடக் கணக்கையே இலவசமாகப் படிக்கலாம். சுவிஸ் நிறுவனம் என்றால் செஃபிக்ஸ் பதிவேடு உண்டு. இங்கே கியூபெக்கில் ரெஜிஸ்ட்ரேர் டெ-ஸான்ட்ரப்ரீஸ் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் எப்போது பதிந்தது, யார் இயக்குநர் என்று வரும். தபால் முகவரியோ தொலைபேசி எண்ணோ இல்லாத தளத்தை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

அதன் பிறகு வருமானம். அதே நிறுவனம் மாதச் சந்தாவும் வருடச் சந்தாவும் விற்கிறதா? வியாபார நிறுவனங்கள் அதைப் பாவிக்கின்றனவா? மாதாமாதம் காசு வரும் வழி இருந்தால் வாழ்நாள்காரரின் செலவைத் தாங்க அதற்குத் தெம்பு உண்டு. வாழ்நாள் திட்டம் மட்டுமே விற்பவர், அதுவும் வருடம் முழுவதும் தள்ளுபடியில் விற்பவர், மேலே சொன்ன சீட்டுக்காரர்தான்.

நேரே நிறுவனத்திடம் வாங்காமல் டீல் கடைகளில் வாங்குவோர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஸ்டாக்கொமர்ஸ் போன்ற நிறுவனங்கள், பெயர்பெற்ற தொழில்நுட்ப இதழ்களின் பெயரிலேயே கடை நடத்துகின்றன. ‘இந்த வாரம் தவறவிடக்கூடாத சலுகை’ என்று கட்டுரைபோல் வருவது விற்பனைப் பக்கம். விலையில் ஒரு பங்கு அந்தக் கடைக்குப் போவதால் சேமிப்பை நடத்துபவர் கைக்கு வருவது நீங்கள் கட்டியதைவிடக் குறைவு. முன்பு போட்ட கணக்கு இன்னும் இறுகும்.

ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது

முப்பது பக்க நிபந்தனையை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. படிக்கவும் தேவையில்லை. பக்கத்தில் சொல் தேடும் வசதியைத் திறந்து, ஆங்கிலப் பிரதியில் ‘லைஃப்டைம்’, ‘டெர்மினேட்’, ‘டிஸ்கன்டினியூ’, ‘இன்எக்டிவ்’, ‘ஃபெயார் யூஸ்’, ‘அசைன்’ என்ற சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி, அவை வரும் பந்திகளை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

சுவிற்சர்லாந்தின் பீகிளவுட் தன் நிபந்தனையில் வாழ்நாள் என்பதை 99 வருடம் அல்லது கணக்கு வைத்திருப்பவரின் ஆயுள், எது குறைவோ அது என்று வரையறுத்திருக்கிறது. 2013 இல் தொடங்கிய நிறுவனம், இன்றும் நிற்கிறது. வரையறை எழுத்தில் இருப்பதே பாதி நல்லது. அதே சமயம் அதன் பொருளையும் பாருங்கள்: கணக்கு அம்மாவின் பெயரில் இருந்தால் அம்மாவோடு முடிகிறது. குடும்பப் படங்களை வைக்கப்போகிறீர்கள் என்றால் வீட்டில் இளையவரின் பெயரில் கணக்கைத் திறப்பது புத்தி. வேறு சிலர் வாழ்நாள் என்பதைச் சேவையின் வாழ்நாள் என்று எழுதுவார்கள். அப்படியென்றால் சேவை நாளை மூடினாலும் வாக்கு மீறப்படவில்லை.

செயலற்ற கணக்கு பற்றிய பந்தி அடுத்தது. இத்தனை மாதம் உள்ளே நுழையாவிட்டால் கணக்கை அழிப்போம் என்று சிலர் எழுதியிருப்பார்கள். ஏற்றிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவருக்கு இது நேர் எதிர். டீல் கடையில் வாங்கிய குறியீட்டை முப்பது நாளுக்குள் பதியாவிட்டால் செல்லாது என்ற நிபந்தனையும் பரவலாக உண்டு. நியாயமான பாவனை என்ற பெயரில் ஒரு மாதத்தில் இறக்கக்கூடிய அளவுக்கு எல்லை இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு டெராபைட் வைக்கவிட்டு மாதம் ஐம்பது கிகாபைட்தான் இறக்கலாம் என்றால் வெளியேற மூன்று வருடம் பிடிக்கும்.

வாங்கிய முதல் வாரம்

பணம் திருப்பித் தரும் காலத்துக்குள் சோதித்து முடிக்கவேண்டும். டீல் கடையான ஆப்சுமோவில் பெரும்பாலான சலுகைக்கு அறுபது நாள் உண்டு. வேறு இடங்களில் பத்து நாளே இருக்கலாம். கைத்தொலைபேசியில் நாலு படத்தை ஏற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது.

இருபது கிகாபைட் உள்ள ஒரு கோப்புறையை எடுங்கள். அதில் பெரிய வீடியோ ஒன்றும், ஆயிரக்கணக்கில் சிறு படங்களும், தமிழில் பெயர் வைத்த கோப்புகளும் இருக்கவேண்டும். தமிழ்ப் பெயரை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல சேவைகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்கவேண்டும். ஆங்கில எழுத்து ஒரு பைட். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘கோ’ என்ற ஒரே எழுத்து இரண்டு குறிகளால் ஆனது, ஆறு பைட் பிடிக்கும். ஆக 85 குறிகளோடு எல்லை வந்துவிடும். பெயரையும் மறைகுறியாக்கும் சேவையில் அதற்கும் முன்பே வந்துவிடும். ‘யாழ்ப்பாணம் பெரியம்மா வீட்டுக் கலியாணம் தாலிகட்டு இரண்டாவது கமெரா’ என்று ஆசையாக வைத்த பெயரே எல்லையை நெருங்கிவிடும். எல்லை தாண்டிய கோப்பு ஏறாமல் சத்தமின்றி விடுபட்டுப்போகலாம், பட்டியலை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

ஏற்றி முடிந்ததும் வேறொரு கணினியில் முழுவதையும் திரும்ப இறக்குங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா? வீடியோ கடைசிவரை ஓடுகிறதா? படத்தில் எடுத்த தேதி பழைய தேதியாகவே இருக்கிறதா? எவ்வளவு நேரம் எடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறக்கும் வேகம் விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் இரண்டு டெராபைட்டை இரண்டு நாளுக்குள் எடுத்துவிடலாம். சேவை 10 மெகாபிட்டில் ஊர்ந்தால் பதினெட்டு நாளுக்கு மேல், இரவு பகலாக. பிட்காசா கொடுத்த சில வாரத்தில் எது தப்பியிருக்கும் என்று இந்த ஒரு எண் சொல்லிவிடும். ஏற்றும் பக்கத்தில் உங்கள் வீட்டு இணைப்பே தடையாகலாம்: கேபிள் இணைப்பில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடப் பல மடங்கு குறைவு, பைபர் வந்த தெருவில் இரண்டும் பொதுவாகச் சமம்.

கோப்பு எந்த நாட்டில் கிடக்கிறது என்ற கேள்வியைப் பலர் முதலில் கேட்கிறார்கள். வீட்டுப் படங்களுக்கு அது இரண்டாம் பட்சம். மொன்றியலுக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் போஆர்னுவாவில், பழைய அலுமினிய ஆலைக் கட்டடத்தில், ஓவிஎச் நிறுவனத்தின் பெரிய தரவு மையம் இயங்குகிறது. பக்கத்தில் இருப்பதால் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அதே நிறுவனத்தின் ஸ்ட்ராஸ்பூர்க் மையம் ஒன்று 2021 மார்ச் 10 அன்று தீயில் எரிந்தபோது, வேறிடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஆனால் வரிக்கணக்குச் செய்பவர், தமிழ்ப் பள்ளி நடத்துபவர், சங்க உறுப்பினர் பட்டியல் வைத்திருப்பவர் இந்தக் கேள்வியை விடமுடியாது. மற்றவர்களின் தனிப்பட்ட தகவலைக் கியூபெக்குக்கு வெளியே அனுப்பும் நிறுவனம் முன்கூட்டியே அதன் ஆபத்தை மதிப்பிடவேண்டும் என்று ‘சட்டம் 25’ 2023 செப்டெம்பரில் இருந்து சொல்கிறது. அவர்களுக்கு வாழ்நாள் திட்டம் வேண்டாம் என்பதே என் நேரடிப் பதில்.

கியூபெக் சட்டம் எவ்வளவு தூரம் வரும்

இந்த மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கனடாவிலேயே வலுவானவற்றில் ஒன்று. எதிர்காலச் சேவைக்கு முன்பணம் வாங்குவதன் ஆபத்தை அது நன்றாக அறிந்திருக்கிறது. உடற்பயிற்சி நிலையம் ஒன்று உங்களோடு ஒரு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போடமுடியாது, கட்டணத்தை ஒரே தவணையில் வாங்கவும் முடியாது. நிலையம் மூடினால் வாடிக்கையாளரின் காசு போய்விடும் என்பதற்கான காப்பு அது. கிளவுட் சேமிப்புக்கு அப்படி ஒரு விதி இல்லை. இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இருப்பவற்றை முழுதாகப் பயன்படுத்துங்கள். இணையத்தில் வாங்குவது தொலைதூர ஒப்பந்தம். வாங்குமுன் விற்பவர் தன் பெயர், முகவரி, தொலைபேசி, மொத்த விலை, எந்த நாணயம், ரத்துசெய்யும் விதி எல்லாவற்றையும் காட்டவேண்டும். ஒப்பந்தப் பிரதியை அனுப்பவேண்டும். இவற்றில் தவறினால் குறித்த நாட்களுக்குள் நீங்கள் ரத்துசெய்யலாம். ரத்துசெய்து 15 நாளுக்குள் காசு வராவிட்டால், அதன் பின் 60 நாளுக்குள் கடனட்டை வழங்கிய வங்கியிடம் எழுத்தில் கேட்டுத் திரும்பப் பெறலாம். இது கடனட்டைக்கு மட்டும். ஆகவே இன்டெராக் பணமாற்று, டெபிட் அட்டை, கிரிப்டோ எதிலும் கட்டாதீர்கள். வாங்கிய அன்றே விலைப் பக்கத்தையும் நிபந்தனைப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். அந்த இரண்டையும் அவர்கள் கிளவுட்டிலேயே வைக்கவேண்டாம். படிவங்களும் மாதிரிக் கடிதங்களும் மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகமான ஒஃபிஸ் டெ லா புரொடெக்ஸியோன் டியூ கொன்சொமட்டர் தளத்தில் கிடைக்கும்.

நாலாவது வருடத்தில் சேவை நின்றால் இந்த வங்கி வழி உதவாது. நிபந்தனையில் கட்டாய நடுவர் தீர்ப்பு என்றோ வெளிநாட்டு நீதிமன்றம் என்றோ எழுதியிருந்தாலும் அது கியூபெக் நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. 15,000 டொலர் வரையான கோரிக்கையைச் சிறுகோரிக்கை நீதிமன்றத்தில் போடலாம். வெல்வதும் சாத்தியம். ஆனால் திவாலான வெளிநாட்டு நிறுவனத்திடம் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் காசு வாங்குவது எப்படி? சட்டம் வாங்கும் நாளில் உங்களோடு நிற்கும், மூடும் நாளில் தூரத்தில் நிற்கும்.

நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு

படப்பிடிப்பாளர் பீற்றர் குரோக் 2005 இல் எழுதிய நூலால் பரவிய ‘3-2-1’ முறை இன்றும் பழுதில்லை: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். நடைமுறையில், நாலு டெராபைட் வன்தட்டு இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டில், மற்றது ரொறன்ரோவில் உள்ள தங்கச்சி வீட்டிலோ லவாலில் உள்ள அண்ணன் வீட்டிலோ. தைப்பொங்கலுக்கோ தீபாவளிக்கோ போய்வரும்போது இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவது பிரதிதான் கிளவுட். கைத்தொலைபேசிப் படங்கள் தானாக ஏற வருடச் சந்தா ஒன்று போதும். கனடாவிலேயே தரவு வேண்டும் என்பவருக்கு ரொறன்ரோவின் சிங்க் போன்றவை இருக்கின்றன. வாழ்நாள் திட்டம் இந்த மூன்றாவது இடத்தில் வந்தால் எனக்கு மறுப்பில்லை. முதல் இடத்தில் வரக்கூடாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. நம்முடைய பிள்ளைகளுக்கு இதைவிட விளக்கம் தேவைப்படாது.

முழு மறைகுறியாக்கம் உள்ள சேவை என்றால் கடவுச்சொல்லைத் தொலைத்தவருக்கு நிறுவனமே உதவ முடியாது. அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, இன்னொருவருக்கு இடத்தைச் சொல்லிவையுங்கள்.

வருடத்தில் ஒரு நாள், வரிக்கணக்குச் செய்யும் மார்ச் மாதம் வசதி, கணக்குக்குள் நுழைந்து பத்துக் கோப்பை எழுமானமாக இறக்கித் திறந்து பாருங்கள். செயலற்ற கணக்கு என்ற பிரச்சினையும் அத்தோடு போகும். வேகம் சென்ற வருடத்தைவிடப் பாதியாகிவிட்டதா, உதவிக் கடிதத்துக்குப் பதில் வர வாரக்கணக்காகிறதா, நிறுவனம் கைமாறிய செய்தி வந்ததா? இவற்றில் இரண்டு சேர்ந்தால் மூடும் அறிவிப்புக்குக் காத்திருக்கவேண்டாம். வேறிடத்தைத் திறந்து ஏற்றத் தொடங்குங்கள்.

அறிவிப்பே வந்துவிட்டால் முதல் மணி நேரத்தில் வாதாடிக் கடிதம் எழுதாதீர்கள். அன்றைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்குவார்கள், சேவை திணறும். வேறெங்கும் பிரதி இல்லாதவற்றை முதலில் இறக்குங்கள்: பழைய படங்களின் ஸ்கேன், பத்திரங்கள், பிறகு வீடியோ. கணினி தூங்காதபடி அமைத்து, கம்பி இணைப்பில் இரவில் ஓடவிடுங்கள். எல்லாம் வந்து, எண்ணிக்கை சரியென்று பார்த்து, இரண்டாவது தட்டுக்கும் பிரதி எடுத்த பிறகு, வாங்கிய அன்று சேமித்த பிடிஎஃப்பை எடுத்து, எஞ்சிய காலத்துக்கான காசைக் கேட்டு எழுதுங்கள்.